ஏற்காட்டில் கிறித்தவத் திருநாட்களும் புனிதர் வணக்கமும்

புனிதர் வணக்கம் என்பது, இறைநம்பிக்கையில் வாழ்ந்து மறைந்த சிலரைச் சான்றோராக மதித்து, ஆண்டில் ஒரு நாளை அவர்களது நினைவுக்கென ஒதுக்கி, தமக்காக இறைவனிடம் மன்றாடும்படி அவர்களைக் கேட்டுக்கொள்ளும் கிறித்தவ வழக்கம் ஆகும். கத்தோலிக்கத் திருச்சபையும் கீழை மரபுத் திருச்சபைகளும் இதைக் கடைப்பிடிக்கின்றன. சீர்திருத்த சபைகள் புனிதர்களை நினைவுகூர்வதை ஏற்றாலும் அவர்களிடம் வேண்டுவதை ஏற்பதில்லை.

சேலம் மாவட்டத்துச் சேர்வராயன் மலையில் சுமார் 1500 மீட்டர் உயரத்தில் உள்ள ஏற்காடு, இந்தப் பொருளைக் கற்க வசதியான ஊர். இங்குள்ள பழைய நிறுவனங்களின் பெயர்ப்பலகைகளே ஒரு மறைக்கல்விப் பாடம்தான். 1894-இல் குளூனி புனித சூசையப்பர் சபைச் சகோதரிகள் தொடங்கிய பெண்கள் பள்ளி இயேசுவின் திருஇருதயத்தின் பெயரைக் கொண்டது. 1917-இல் புனித கபிரியேல் சபைச் சகோதரர்கள் தொடங்கிய பள்ளி புனித மான்ஃபோர்ட் பெயரில் உள்ளது. தொன் போஸ்கோ நிறுவிய சலேசிய சபைக்கு இங்கே 'ரிட்ரீட்' என்ற இல்லம் உண்டு. கத்தோலிக்கப் பங்கு ஆலயம் திருஇருதய ஆலயம். ஆங்கிலிக்கன் மரபில் எழுந்த ஆலயமோ திரித்துவத்தின் பெயர் தாங்கியது. ஆக, ஒரு சிற்றூரில் மூவொரு கடவுள், கிறித்துவின் இதயம், நாசரேத்துத் தச்சர், ஒரு வானதூதர், ஒரு பிரெஞ்சுக் குரு, ஓர் இத்தாலியக் குரு என எல்லாரும் அக்கம்பக்கமாக இருக்கிறார்கள். இந்தப் பெயர்கள் எல்லாம் ஒரே தரத்தைச் சேர்ந்தவை அல்ல.

நான் ஆசிரியராக இருந்தபோது, எட்டாம் வகுப்பில் படித்த மலைக்கிராமத்து மாணவன் ஒருவன், மாலை போட்டிருந்த ஒரு சுரூபத்தைக் காட்டி, "சார், இது எந்தச் சாமி?" என்று கேட்டான். மே மாதத்தில் சேர்வராயன் கோயில் திருவிழாவுக்குக் குடும்பத்தோடு போகும் பையன். கேட்டதில் கேலி எதுவும் இல்லை. பக்கத்து இருக்கையில் இருந்த சி.எஸ்.ஐ. சபைப் பையன் முந்திக்கொண்டு, "அது சாமி இல்லடா, சிலை. சிலையைக் கும்பிடக் கூடாதுன்னு பத்துக் கட்டளையிலயே இருக்கு" என்றான். கத்தோலிக்கப் பிள்ளைகள் இருவர் தலையைக் குனிந்துகொண்டார்கள். அவர்களுக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அன்று நான் சொன்ன பதிலும் அவ்வளவு தெளிவாக இல்லை. அந்தப் பதிலைச் சற்று ஒழுங்காகச் சொல்வதே இக்கட்டுரை.

கும்பிடுதல், வணங்குதல், ஆராதித்தல்

குழப்பத்தின் பாதி நம் மொழியில் இருக்கிறது. தமிழில் சாமியையும் கும்பிடுகிறோம், பெரியவர்களையும் கும்பிடுகிறோம். காலையில் ஆசிரியர் வகுப்புக்குள் நுழைந்தால் எழுந்து நின்று 'வணக்கம்' சொல்கிறோம். கோயிலில் செய்வதும் வணக்கம்தான். கை குவிப்பதும் தலை தாழ்த்துவதும் மாலை போடுவதும் இரண்டுக்கும் பொது. எனவே, வெளியிலிருந்து பார்க்கிறவருக்குச் செய்கை ஒன்றாகத் தெரியும்; உள்ளே இருக்கும் நோக்கம் தெரியாது.

கிரேக்க மொழியில் இதற்கு இரண்டு தனிச் சொற்களைக் கையாண்டார்கள். கடவுளுக்கு மட்டும் உரியது 'லத்ரேயா'. புனிதர்க்குச் செய்யும் மதிப்பு 'துலேயா'. தமிழ்க் கத்தோலிக்க மறைக்கல்வி முன்னதை ஆராதனை என்றும் பின்னதை வணக்கம் என்றும் வழங்குகிறது. மரியாவுக்குரியது மேலான வணக்கம். அதுவும் வணக்கத்தின் உயர்ந்த படியே அன்றி ஆராதனையின் தாழ்ந்த படி அன்று. படைத்தவர் ஒரு பக்கம், படைக்கப்பட்டவை எல்லாம் மறுபக்கம். மரியாவும் மிக்கேல் அதிதூதரும் கூட இந்த மறுபக்கத்தில்தான் நிற்கிறார்கள்.

சேலம், தருமபுரிப் பகுதிகளில் நடுகற்கள் மிகுதி. ஆநிரை மீட்கப் போய் மாண்ட வீரனுக்குக் கல் நட்டார்கள். தலைமுறைகள் கடந்தபின் சில இடங்களில் அந்த வீரன் தெய்வமாகவே ஆகிவிட்டான். மறைந்தவரை மதிக்கும் உணர்வு இரண்டிலும் உண்டு. ஆனால் புனிதர், எத்தனை நூற்றாண்டு போனாலும், தெய்வமாவதில்லை. மலைக்கிராமத்து மாணவனுக்கு நான் முதலில் சொல்லியிருக்க வேண்டியது இதைத்தான்.

இந்த வேறுபாடு வெறும் ஏட்டளவில் உள்ளதா, வழிபாட்டில் தெரிகிறதா என்று கேட்கலாம். இரண்டு இடங்களில் தெளிவாகத் தெரிகிறது. ஒன்று, புனிதர் மன்றாட்டுமாலை. அதில் கடவுளையும் கிறித்துவையும் விளிக்கும்போது இரக்கம் கேட்கிறார்கள். புனிதரின் பெயர் வந்தவுடன் வினைச்சொல் மாறிவிடும். எங்களுக்காக வேண்டும்படி மட்டுமே கேட்பார்கள். மற்றது திருப்பலி. எந்தப் புனிதரின் விழாவானாலும் பலி ஒப்புக்கொடுக்கப்படுவது இறைத்தந்தைக்கே. மறைச்சாட்சிகளின் கல்லறை மேல் பீடம் எழுப்பினாலும், அது அவர்களுக்கான பீடம் அன்று, அவர்களுடைய கடவுளுக்கான பீடம் என்பதைப் புனித அகுஸ்தினார் தம் காலத்திலேயே விளக்கியிருக்கிறார்.

சிலையைப் பற்றி இரண்டாம் மாணவன் எழுப்பியது பழைய வழக்கு. எட்டாம் நூற்றாண்டில் பைசாந்தியப் பேரரசில் திருவுருவங்களை உடைப்போருக்கும் காப்போருக்கும் இடையே பெரும் மோதல் நடந்தது. 787-இல் கூடிய இரண்டாம் நிசேயாப் பொதுச்சங்கம், உருவத்துக்குச் செய்யும் மதிப்பு அந்த உருவம் குறிக்கும் ஆளைச் சேர்கிறது, உருவத்தோடு நின்றுவிடுவதில்லை என்று தீர்ப்பளித்தது. அந்த மாணவன் சுட்டிய கட்டளை விடுதலைப் பயண நூலின் 20-ஆம் அதிகாரத்தில் உள்ளது. அதே நூலின் 25-ஆம் அதிகாரத்தில் உடன்படிக்கைப் பேழையின் மேல் கெருபுகளின் பொன்னுருவங்களைச் செய்யச் சொல்லும் கட்டளையும் உண்டு. பாலைநிலத்தில் மோசே வெண்கலப் பாம்பு செய்து உயர்த்தினார். அதுவும் கடவுள் சொல்லித்தான். பின்னாளில் மக்கள் அதற்குத் தூபம் காட்டத் தொடங்கியதும் எசேக்கியா அரசர் அதை உடைத்துப் போட்டார். பொருள் அதேதான், பயன்படுத்திய மனம் மாறிவிட்டது. இந்த வெண்கலப் பாம்பின் கதையை இரு தரப்பு மாணவர்களும் சேர்ந்து படிப்பது நல்லது.

இறந்த நாளே பிறந்த நாள்

புனிதர் விழாவின் இறையியல் உட்பொருள் அதன் தேதியில் இருக்கிறது. ஏற்காட்டுப் பெயர்களையே எடுத்துக்கொள்வோம். லூயி மரி கிரிஞ்ஞோன் தெ மான்ஃபோர்ட் 1673 சனவரி 31 அன்று பிரான்சின் பிரித்தானிப் பகுதியில் பிறந்தார். திருச்சபை அந்த நாளை அவருக்கெனக் கொண்டாடுவதில்லை. அவர் இறந்தது 1716 ஏப்ரல் 28. அதுவே அவரது நினைவு நாள். சனவரி 31-இல் நாம் நினைவுகூர்வது தொன் போஸ்கோவை. அவர் பிறந்தது 1815 ஆகஸ்ட் 16. இறந்தது 1888 சனவரி 31. ஒருவர் பிறந்த தேதியில் மற்றொருவர் மறைந்தார். விழா மறைந்தவருக்குத்தான். (மான்ஃபோர்ட் அருளாளராக அறிவிக்கப்பட்டதும் அதே 1888 சனவரியில்தான். தேதிகளை மனப்பாடம் செய்ய வேண்டிய மாணவருக்கு இது உதவும்.)

காரணம், இறப்பைக் கிறித்தவர்கள் விண்ணகப் பிறப்பாகக் கண்டார்கள். இந்த வழக்கத்துக்கு நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய எழுத்துச் சான்றுகளுள் ஒன்று, கி.பி. 155 அளவில் கொல்லப்பட்ட சிமிர்னா ஆயர் போலிகார்ப்பைப் பற்றி அவரது சபையார் எழுதிய மடல். 86 ஆண்டுகள் கிறித்துவுக்கு ஊழியம் செய்ததாகச் சொன்ன அந்த முதியவரை எரித்தபின், எலும்புகளைச் சேர்த்தெடுத்துத் தகுந்த இடத்தில் வைத்து, ஆண்டுதோறும் அவரது 'பிறந்த நாளை'க் கொண்டாடப் போவதாக எழுதினார்கள். அந்த மடலில் இன்னொரு செய்தி எனக்கு வியப்பூட்டியது. இவர்கள் கிறித்துவை விட்டுவிட்டு இனி இவரைத் தொழத் தொடங்குவார்களோ என்று அன்றே வெளியார் பேசினார்களாம். அதற்குச் சபையார் சொன்ன பதில்: கிறித்துவை ஆராதிக்கிறோம், மறைச்சாட்சிகளை அவருடைய சீடர்கள் என்பதால் அன்புசெய்கிறோம். என் வகுப்பறைக் கேள்விக்கு ஏறக்குறைய 1900 ஆண்டு வயது.

பிறந்த நாளையே கொண்டாடும் விதிவிலக்குகள் மூன்று: கிறித்து (டிசம்பர் 25), மரியா (செப்டம்பர் 8), திருமுழுக்கு யோவான் (ஜூன் 24). வேளாங்கண்ணியில் ஆகஸ்ட் 29 அன்று கொடியேறி செப்டம்பர் 8-இல் நிறைவுறும் திருவிழா மரியாவின் பிறப்பு விழாதான்.

நம் மண்ணின் புனிதர்களுக்கும் இறந்த நாளே திருநாள். அருளானந்தர் எனப்படும் ஜான் தெ பிரிட்டோ 1693 பிப்ரவரி 4 அன்று ஓரியூரில் வெட்டுண்டார். தேவசகாயம் 1752 சனவரி 14 அன்று ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலையில் சுடப்பட்டார். 2022 மே 15 அன்று புனிதராக அறிவிக்கப்பட்டார். அவரது திருநாள் பெரும்பாலும் போகியோடு அல்லது பொங்கலோடு சேர்ந்து வரும். அருளானந்தரும் மான்ஃபோர்டும் ஒரே ஆண்டில், 1947-இல், ஒரு மாத இடைவெளிக்குள் புனிதர் நிலைக்கு உயர்த்தப்பட்டவர்கள்.

'உயர்த்தப்பட்டவர்கள்' என்பது பழக்கத்தில் வந்துவிட்ட சொல். இறையியல்படி திருச்சபை யாரையும் புனிதராக்குவதில்லை. இவர் இறைவனோடு இருக்கிறார் என்று ஆய்ந்து அறிந்து அறிவிக்கிறது, அவ்வளவே. இறை ஊழியர், வணக்கத்துக்குரியவர், அருளாளர், புனிதர் என்பவை அந்த ஆய்வின் படிகள். குளூனி சபையை 1807-இல் நிறுவிய ஆன் மரி ஜவுகே 1950-இல் அருளாளராக அறிவிக்கப்பட்டார். அருளாளர்க்கான வழிபாட்டு நினைவு அவர் சார்ந்த சபைக்கும் சில மறைமாவட்டங்களுக்கும் உரியது. புனிதர்க்கான நினைவு உலகத் திருச்சபை முழுமைக்கும் உரியது. எந்த விண்ணப்பமும் ஆய்வும் இல்லாமல் விண்ணகம் சேர்ந்த பெயரறியாத கோடிப்பேருக்காகவே நவம்பர் 1 அனைத்துப் புனிதர் பெருவிழா. அதில் நம் வீட்டுப் பாட்டியும் இருக்கலாம்.

ஆண்டவரின் நாட்களும் அடியாரின் நாட்களும்

திருவழிபாட்டு ஆண்டின் அடிப்படை புனிதர்கள் அல்லர், உயிர்ப்புப் பெருவிழா. அதற்கும் முன்னே ஞாயிற்றுக்கிழமை. வாரந்தோறும் வரும் உயிர்ப்பு விழா அதுவே. ஏற்காட்டின் இரண்டு ஆலயப் பெயர்களும் உயிர்ப்பிலிருந்து எண்ணப்படும் நாட்களைக் குறிப்பவை. உயிர்ப்பு ஞாயிற்றிலிருந்து 49 நாள் கழித்துத் தூய ஆவிப் பெருவிழா. அடுத்த ஞாயிறு திரித்துவ ஞாயிறு. அதிலிருந்து 12-ஆம் நாள், வெள்ளிக்கிழமை, திருஇருதயப் பெருவிழா. உயிர்ப்பு நாள் நிலவைப் பொறுத்து மாறுவதால் இவையும் ஆண்டுதோறும் மாறும். 2024-இல் திரித்துவ ஞாயிறு மே 26, திருஇருதயப் பெருவிழா ஜூன் 7.

திருஇருதயம் என்பதைத் தனியொரு புனிதர் போல எண்ணிவிடுகிறவர்களும் உண்டு. அது கிறித்துவே, அவரது அன்பை இதயம் என்ற குறியால் சொல்கிறார்கள். பர்கண்டியின் பாரே-லெ-மோனியால் மடத்தில் மார்கரீத் மரியா என்ற துறவி 1673 முதல் 1675 வரை கண்ட காட்சிகளுக்குப் பின் இந்தப் பக்தி பரவியது. 1856-இல் ஒன்பதாம் பயஸ் அதன் விழாவை உலகத் திருச்சபை முழுவதற்கும் விரித்தார். எனவே இங்கே உரியது ஆராதனை. அதே வளாகத்தில் சூசையப்பர் சுரூபம் இருந்தால் அங்கே உரியது வணக்கம். பத்தடி தூரத்தில் நடுவே ஒரு பெரிய எல்லைக்கோடு இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாது என்பதுதான் சிக்கல்.

விழாக்களுக்குப் பெருவிழா, விழா, நினைவு என மூன்று தரங்கள் உண்டு. 1969-இல் ஆறாம் பவுல் நாட்காட்டியைச் சீரமைத்தபோது புனிதர் நாட்கள் பல குறைக்கப்பட்டன. அவை பெருகி ஆண்டவரின் மறைநிகழ்வுகளை மூடிவிடக் கூடாது என்பதே, அதற்கு ஆறு ஆண்டு முன்பே இரண்டாம் வத்திக்கான் சங்கம் வகுத்திருந்த கொள்கை. மான்ஃபோர்டின் நினைவு 1996-இல்தான் பொது நாட்காட்டியில் சேர்ந்தது. 2024-இல் ஏப்ரல் 28 ஞாயிறாக வந்தது. பொது நாட்காட்டியில் அவரது நினைவு அந்த ஆண்டு ஞாயிற்றுக்கு வழிவிட்டு மறைந்தது. அவர் வருத்தப்பட்டிருக்க மாட்டார். மரியன்னை பக்தியைப் பற்றி நூல் எழுதிய அவரே, அந்தப் பக்தி இயேசுவிடம் கொண்டுசேர்க்கும் வழி என்பதாலேயே மதிப்புடையது, அவரிடமிருந்து விலக்குமானால் அதைத் தள்ளிவிட வேண்டும் என்ற கருத்தை வற்புறுத்தியவர். அந்தக் கையெழுத்துப் படி அவர் இறந்து 126 ஆண்டு கழித்து, 1842-இல்தான் கண்டெடுக்கப்பட்டது.

காபித் தோட்டங்கள் சூழ்ந்த இம்மலையில் இன்னொரு நாளையும் குறிப்பிட வேண்டும். சூசையப்பரின் பெருவிழா மார்ச் 19. அதோடு, 1955-இல் பன்னிரண்டாம் பயஸ் மே 1-ஐத் தொழிலாளரான புனித சூசையப்பரின் நாளாக ஏற்படுத்தினார். உலகத் தொழிலாளர் நாளோடு வேண்டுமென்றே சேர்த்து வைத்த தேதி இது. கையால் உழைப்பவரின் வேலை இறைவன் முன் மதிப்புடையது என்ற போதனையே இதன் உட்பொருள். காபிப்பழம் பறித்து நாள்கூலி வாங்கும் பெண்ணுக்கு இதைவிட நெருக்கமான திருநாள் இல்லை என்பது என் எண்ணம். ஆனால் தேரும் வாணவேடிக்கையும் பெறும் கவனத்தை இந்த நாள் பெறுவதில்லை.

சீர்திருத்த சபைகளின் மறுப்பு

இதை எளிதாக ஒதுக்கிவிட முடியாது. 1530-இன் ஆக்சுபர்க் அறிக்கை, தன் 21-ஆம் பிரிவில், புனிதர்களை நினைத்து அவர்களது நம்பிக்கையைப் பின்பற்றலாம், ஆனால் அவர்களிடம் உதவி வேண்டுவதற்கு மறைநூலில் இடமில்லை என்றது. ஆங்கிலிக்கன் சபையின் 39 கட்டளைகளில் 22-ஆவதும் புனிதரை நோக்கி வேண்டுவதை மறுக்கிறது. இவற்றின் அடிப்படை, திமொத்தேயுவுக்கு எழுதிய முதல் மடல் 2:5. கடவுளுக்கும் மனிதருக்கும் நடுவே உள்ளவர் கிறித்து ஒருவரே. சீர்திருத்த சபையார் கையாளும் பழைய மொழிபெயர்ப்பு அவரை 'மத்தியஸ்தர்' என்கிறது. பொது மொழிபெயர்ப்பு 'இணைப்பாளர்' என்கிறது.

கத்தோலிக்கர் இந்த வசனத்தை மறுப்பதில்லை. அதே அதிகாரத்தின் முதல் வசனம் எல்லாருக்காகவும் மன்றாடச் சொல்வதைக் காட்டுகிறார்கள். "எனக்காக ஜெபம் பண்ணுங்க" என்று அண்டை வீட்டாரிடம் கேட்பது கிறித்துவின் இடத்தைப் பறிப்பதாகாது என்றால், இறைவனில் வாழும் ஒருவரிடம் கேட்பதும் ஆகாது என்பது அவர்கள் வாதம். ஆக, உண்மையான வேறுபாடு இந்த ஒரு கேள்விக்குச் சுருங்கிவிடுகிறது: இறப்பு அந்த உறவை அறுக்கிறதா, இல்லையா? இருக்கிறவர்களும் இறந்தவர்களும் ஒரே உடல் என்று கத்தோலிக்கர் சொல்வதைப் புனிதர் ஒன்றிப்பு என்பர். 1964-இன் 'திருச்சபை' பற்றிய வத்திக்கான் சங்க ஏட்டின் ஏழாம் அதிகாரம் முழுவதும் இதைப் பற்றியதே. இறந்தவர் நம் வேண்டுதலைக் கேட்கிறார் என்பதற்கு மறைநூல் உறுதி தரவில்லை என்று மற்றவர் நிறுத்துகிறார்கள்.

சொல்வழக்கிலும் இந்தப் பிரிவு தெரியும். சீர்திருத்த சபையார் 'பரிசுத்தவான்கள்' என்றால், பவுல் தம் மடல்களில் வழங்கியதைப் போல, விசுவாசிகள் எல்லாரையும் குறிக்கும். கத்தோலிக்கர் 'புனிதர்' என்றால் அறிவிக்கப்பட்ட சிலரை. பழைய நூல்களில் அர்ச்சியசிஷ்டர். 'ஆராதனை' அங்கே ஞாயிறு வழிபாட்டின் பெயராகவே ஆகிவிட்டது. ஒரே சொல்லை வேறு வேறு பொருளில் வைத்துக்கொண்டு சண்டையிடும் குடும்பங்களை, அதுவும் பெண் கொடுத்துப் பெண் எடுத்த குடும்பங்களை, நான் இம்மலையில் பார்த்திருக்கிறேன். ஒரு திருமணப் பேச்சு, மணமகள் கழுத்தில் கிடந்த மாதா பதக்கத்தில் வந்து நின்று, ஏழு மாதம் நகரவில்லை.

நேர்ச்சையும் பேரமும்

எல்லாத் தவறும் வெளியார் புரிந்துகொள்ளாததால் வருவதில்லை. உள்ளேயும் உண்டு. 1563 டிசம்பரில் திரிதெந்துச் சங்கம் புனிதர் வணக்கத்தை நல்லது, பயனுள்ளது என்று உறுதிசெய்த அதே தீர்மானத்தில், மூடநம்பிக்கையையும் இழிவான ஆதாயத்தையும் களையும்படி ஆயர்களுக்குக் கட்டளையிட்டது. காரியம் ஆனால் இவ்வளவு, ஆகாவிட்டால் ஒன்றுமில்லை என்று அந்தோணியாரிடம் பேரம் பேசுவது நேர்ச்சை ஆகாது. நேர்ச்சை இறைவனுக்கு அளிக்கும் வாக்கு. புனிதர் அதற்குச் சாட்சி. பதுவை அந்தோணியாரின் பெயரால் ரொட்டி வழங்குவது ஏழைகளின் பசிக்காக ஏற்பட்டது. தொலைந்த சாவிக்கான கூலியாக அன்று.

தேர் இன்னும் கடினமான செய்தி. சுரூபம் தெருவில் போவதன் பொருள், புனிதர் மக்களிடையே வருகிறார், எல்லாத் தெருவும் இறைவனுடையது என்பது. எந்தத் தெருவுக்குள் தேர் போகலாம், யார் தோளில் போகலாம் என்ற சாதி வழக்கு தமிழகப் பங்குகள் சிலவற்றில் மோதல் வரை போயிருக்கிறது. சாதியைத் துறந்து எல்லாரோடும் சேர்ந்து உண்டதைக் குற்றமாகச் சுமந்தவர் தேவசகாயம். அவரது சுரூபத்தை ஒரு தெருவுக்குள் விடாமல் தேர் இழுத்தால், அங்கே நடப்பதை ஆராதனை என்றும் சொல்ல முடியாது, வணக்கம் என்றும் சொல்ல முடியாது.

இரண்டு நவம்பர் நாட்கள்

நவம்பர் 1-இல் திருச்சபை, விண்ணகத்தில் உள்ளோரைத் தனக்காக வேண்டக் கேட்கிறது. நவம்பர் 2, கல்லறைத் திருநாளில், இன்னும் தூய்மை பெற வேண்டிய இறந்தோருக்காகத் தான் வேண்டுகிறது. முதல் நாள் இறந்தவர் நமக்குக் கொடுக்கிறார், மறுநாள் நாம் அவருக்குக் கொடுக்கிறோம். இந்த இரண்டாம் நாளைத் தன் மடங்களில் நிலைநாட்டியவர் ஆயிரம் ஆண்டுக்கு முன் குளூனி மடத்தின் தலைவராக இருந்த ஓதிலோ. ஏற்காட்டுச் சகோதரிகளின் சபைப் பெயரில் உள்ள குளூனி அதே ஊர்தான்.

சீர்திருத்த சபையார் இறந்தோருக்காக வேண்டுவதில்லை. ஆனால் தமிழகத்தில் அவர்களும் நவம்பர் தொடக்கத்தில் கல்லறைக்குப் போகிறார்கள். ஒரு வாரம் முன்பே புல் செதுக்கி, சிலுவைக்கு வெள்ளையடித்து, அன்று சாமந்தி மாலையும் மெழுகுவத்தியும் வைக்கிறார்கள். வடகிழக்குப் பருவமழைக் காலம். மலையில் மூடுபனி இறங்கினால் வத்தி அணைந்துகொண்டே இருக்கும். பக்கத்துக் கல்லறைக்காரரிடம் நெருப்புக் கேட்டு மறுபடி ஏற்றிக்கொள்வார்கள்.